கம்ப்யூட்டர் தெரிந்த காவலரை வாத்தியார் ஆக்குவது எப்படி

எந்தக் காவல் நிலையத்துக்குப் போனாலும் அப்படி ஒருவர் இருப்பார். பி.இ.யோ பி.எஸ்சி.யோ படித்துவிட்டு கிரேடு 2 காவலராகத் தேர்வாகி வந்தவர். பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் அவர்தான், காவல் நிலையங்களை இணைக்கும் கணினி அமைப்பான சி.சி.டி.என்.எஸ். திறக்காவிட்டாலும் அவர்தான். போகப்போக எல்லாருடைய எஃப்.ஐ.ஆரையும் அவரே அடித்துக் கொடுக்க ஆரம்பித்துவிடுவார். அவர் திருவிழா பந்தோபஸ்துக்குப் போன அன்று வேலை படுத்துவிடும்.

நான் மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்தில் உதவி ஆய்வாளர். இப்படிப்பட்டவர்களைச் சக காவலர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தயார் செய்வது என் வேலைகளில் ஒன்று. 2024 ஜூலை 1-ல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்த பிறகு இது தள்ளிப்போடக்கூடிய வேலையாக இல்லை.

முதலில் ஆள் தேர்வு. வேகமாக டைப் அடிப்பவரைத் தேடாதீர்கள். ராத்திரி ஏதாவது மாட்டிக்கொண்டால் ஸ்டேஷன் ரைட்டர் யாருக்கு போன் போடுகிறார் என்று விசாரியுங்கள். எரிச்சல்படாமல் பதில் சொல்பவர் அவராகத்தான் இருப்பார். ஒரு ஸ்டேஷனுக்கு இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவர் பெண் காவலராக இருந்தால் நல்லது. தேர்ந்தெடுத்ததை ஆய்வாளரே ரோல் காலில் அறிவிக்க வேண்டும், டூட்டி ரோஸ்டரிலும் நேரம் ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நேரத்தில் அவரைப் பாரா காவலுக்குப் போட்டுவிடுவார்கள்.

இனி பயிற்சி. நான் கற்றுக்கொடுப்பதில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: மவுஸைத் தொடக்கூடாது. இரண்டு இரண்டு பேராக உட்காரவைப்பேன். ஒருவர் நாற்காலியில், மற்றவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வாயால் மட்டும் சொல்லி ஒரு எஃப்.ஐ.ஆரைப் பதிவு செய்ய வைக்க வேண்டும். கம்ப்யூட்டர் நன்றாகத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேதனை. ஐந்தாவது நிமிஷத்தில் கை தானாக முன்னால் வரும்.

இதில் பிடிவாதமாக இருக்கக் காரணம் கோர்ட். ஒருவர் லாகினில் இன்னொருவர் வேலை பார்த்தால், பதிவு செய்தது யார் என்று குறுக்கு விசாரணையில் கேட்கும்போது விசாரணை அதிகாரி முழிக்க வேண்டிவரும். மின்னணு ஆவணத்துக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63-வது பிரிவில் சான்று கொடுக்க வேண்டும். சாதனத்துக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியிலும் நிபுணர் இன்னொரு பகுதியிலும் கையெழுத்திடுகிறார்கள், ஆவணம் மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்பும் குறிக்கப்படுகிறது. இன்னொருவர் செய்த வேலைக்கு அந்த இடத்தில் கையெழுத்துப் போட முடியுமா? அதனால் "பாஸ்வேர்டைச் சொல்லுங்க ஐயா, நானே போட்டுடறேன்" என்ற வசனத்தை முதல் நாளே தடை செய்துவிடுங்கள்.

அப்புறம் பதவி விஷயம். இருபத்தைந்து வயதுக் காவலர் ஐம்பத்தைந்து வயது சிறப்பு உதவி ஆய்வாளருக்கு (எஸ்.எஸ்.ஐ.) சொல்லித்தர வேண்டும். எல்லார் முன்னாலும் வேண்டாம், மதியம் ஸ்டேஷன் கொஞ்சம் ஓயும் நேரத்தில், அவருடைய சொந்த வழக்கை வைத்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர்., கைது, சொத்து பறிமுதல், இறுதி அறிக்கை என்று ஐ.ஐ.எஃப். எனும் ஒருங்கிணைந்த விசாரணைப் படிவங்களைப் பேப்பரில் எழுதிப் பழகியவர் அவர். படிவத்தின் எந்தக் கட்டத்தில் என்ன வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். "ஐயா, நாலாவது ஃபார்ம் இங்க இருக்கு, நீங்க எழுதற அதே வரிசைதான்" என்றால் போதும், பாதிப் பயம் போய்விடும். டைப்ரைட்டிங் ஹையர் முடித்த ஏட்டய்யாவுக்கு தமிழ்99 விசைப்பலகையைத் திணிக்காதீர்கள். அவர் விரலுக்குப் பழகிய பழைய தட்டச்சு விசைப்பலகையையே யூனிகோடில் வைத்துக் கொடுங்கள். வானவில் எழுத்துருவில் அடித்த வாக்குமூலத்தை யூனிகோடு கேட்கும் பெட்டியில் ஒட்டினால் ஏன் கிறுக்கலாகிறது என்பதையும் அன்றைக்கே காட்டிவிடுங்கள். "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு" என்று வரும் புகார்களில் பாதி அதுதான்.

சோதனையைப் போனில் படம்பிடித்துப் பதிவு செய்யும் இ-சாக்ஷ்யா செயலிக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-வது பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் ஒலி, ஒளியோடு பதிவு செய்யச் சொல்கிறது. இதை ஹாலில் ஸ்லைடு போட்டு விளக்கிப் பயனில்லை. ஸ்டேஷன் பின்புறம் துருப்பிடித்துக் கிடக்கும் பைக்குகளில் ஒன்றைச் சோதனையிடுவதுபோல் ஒத்திகை நடத்துங்கள். ஒருவர் பதிவு செய்யட்டும், இரண்டு பேர் சாட்சிகளாக நிற்கட்டும். கிளம்பும் முன் போனின் பேட்டரி, பதிவைச் சேமிக்க இடம், உள்ளே வரும் அழைப்புகள் மூன்றையும் பார்க்கப் பழக்குங்கள். பலரும் எங்கே கோட்டைவிடுகிறார்கள் என்றால், பொருள் கிடைத்ததுமே பதிவை நிறுத்திவிடுகிறார்கள். பட்டியல் தயாரிப்பதும் அதில் சாட்சிகள் கையெழுத்திடுவதும்கூடப் பதிவாக வேண்டும், சட்டத்திலேயே இருக்கிறது. பைக்கின் சேஸிஸ் எண்ணைப் படித்து, மகசர் எழுதி, கடைசிக் கையெழுத்து விழும்வரை கேமரா ஓடட்டும்.

ஆன்லைன் மோசடியில் பணம் பறிபோனவர் வந்து நின்றால் முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும் என்பதை வரவேற்பு மேஜையில் இருப்பவர் வரை அத்தனை பேருக்கும் சொல்லித்தரட்டும். சுலபமான பாடம், பலன் கண்முன்னால் தெரியும்.

எந்தப் பிரிவு போடுவது, கைது செய்யலாமா என்ற கேள்விகளுக்கு மட்டும் இவர்கள் பதில் சொல்லக்கூடாது. "ஆய்வாளரைக் கேளுங்க ஐயா" என்று நகர்ந்துவிட வேண்டும்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க வருகைப் பதிவேட்டைப் புரட்டாதீர்கள். சொல்லிக்கொடுப்பவர் விடுப்பில் இருந்த இரவில் பதிவான எஃப்.ஐ.ஆர்.கள் யார் யார் லாகினில் போயிருக்கின்றன என்று பாருங்கள். அன்றைக்கு எதுவுமே பதிவாகாமல், மறுநாள் காலையில் மொத்தமாக ஏறியிருந்தால் மவுஸ் இன்னும் பழைய கையில்தான் இருக்கிறது. அவரைக் கூப்பிட்டு, கையைப் பின்னால் கட்டவைத்து மறுபடி ஆரம்பியுங்கள். இடமாறுதல் உத்தரவு வருவதற்குள் அவரிடம் கற்றுக்கொண்டவர்களில் ஒருவரை அடுத்த வாத்தியாராகத் தயார் செய்யச் சொல்லுங்கள். எஸ்.எஸ்.ஐ.யே அதற்கு முன்வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அவரைப் போடுங்கள்.