சுகர் இருக்கா? பழைய ரிப்போர்ட்டை எடுங்க, லிவருக்கும் ஒரு கணக்கு போட்டுரலாம்

சுகர்னு தெரிஞ்சதுல இருந்து கண்ணு பாக்குறோம், கால் பாக்குறோம், கிட்னிக்கு யூரின் குடுக்குறோம், லிவரை மட்டும் யாரும் கண்டுக்கிறதே இல்ல. எங்க மாமாவுக்கு ஸ்கேன்ல ஃபேட்டி லிவர்னு, அதாவது லிவர்ல கொழுப்பு சேந்திருக்குன்னு வந்தப்ப "இது இப்ப எல்லாருக்கும் இருக்கு சார்"னு சொல்லி அனுப்பிட்டாங்க, எஸ்ஜிபிடிங்கிற லிவர் ரத்த டெஸ்ட் வேற நார்மல், அவரும் நிம்மதியா பரோட்டா கடைக்குப் போயிட்டாரு.

எஸ்ஜிபிடி நார்மல்னா லிவர் நல்லாருக்குன்னு நெனைக்கிறதுதான் தப்பு. அமெரிக்காவுல ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துல கென்னத் கூசின்னு ஒரு டாக்டர், சுகரும் லிவரும் சேந்து என்ன பண்ணுதுன்னு வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்றவர். லிவர் டெஸ்ட் நார்மலா இருந்த 103 சுகர்காரங்கள இவங்க டீம் எடுத்துப் பாத்தப்ப பாதிப் பேருக்கு ஃபேட்டி லிவர் இருந்துச்சு, 2015ல அது வெளிவந்துச்சு.

சரி, நாம வீட்டுல என்ன பண்ணலாம்? லிவர்ல தழும்பு இருக்க வாய்ப்பு எவ்ளோன்னு சொல்ற ஃபிப்-4னு ஒரு கணக்கு இருக்கு. 2006ல எச்ஐவியும் ஹெபடைடிஸ் சியும் சேந்து இருக்கவங்களுக்காகப் போட்டது, இப்போ சுகர்காரங்க எல்லாருக்கும் மொதல்ல இதைப் பாருங்கன்னு அமெரிக்க டாக்டருங்க வழிகாட்டுதல்லயே இருக்கு. வயசு, எஸ்ஜிஓடி (இதுவும் லிவர் ரத்த டெஸ்ட்தான்), எஸ்ஜிபிடி, பிளேட்லெட், இவ்ளோதான் வேணும். வயசைத் தவிர மத்த மூணும் ஒரே நாள் எடுத்த ரத்தத்துல இருந்து வந்தா நல்லது.

வயசை எஸ்ஜிஓடியால பெருக்குங்க. அதைத் தனியா எழுதி வைங்க. அடுத்து எஸ்ஜிபிடியோட வர்க்கமூலம் எடுத்து பிளேட்லெட்டால பெருக்குங்க. மொத நம்பரை ரெண்டாவதால வகுத்தா முடிஞ்சுது.

இதுல ஒரு குழி இருக்கு, நான் விழுந்துட்டேன். நம்ம ஊரு லேப்ல பிளேட்லெட்டை 1.8 லட்சம்னு போடுவாங்க, கணக்குக்கு அது 180ன்னு போகணும், அதாவது ஆயிரத்துல. நான் அப்படியே 1.8னு போட்டு 240னு விடை வந்து, மாமாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ராத்திரி பூரா முழிச்சுக் கெடந்தேன்!

சரியான கணக்கு இதுதான்: மாமாவுக்கு வயசு 54, எஸ்ஜிஓடி 48, பெருக்குனா 2592. எஸ்ஜிபிடி 36, வர்க்கமூலம் 6, அதை 180ஆல பெருக்குனா 1080. வகுத்தா 2.4.

1.3க்குக் கீழ வந்தா இப்போதைக்குப் பெருசா தழும்பு இருக்க வாய்ப்பு கம்மி, ஒண்ணு ரெண்டு வருஷத்துல திரும்பப் போட்டுப் பாருங்க. 65 வயசு தாண்டுனவங்களுக்கு 1.3க்குப் பதிலா 2.0. 2.67க்கு மேலன்னா யோசிக்காம லிவர் டாக்டர்கிட்ட போங்க. நடுவுல மாட்டுனா, எங்க மாமா மாதிரி, லிவர் எவ்ளோ இறுகியிருக்குன்னு பாக்குற ஃபைப்ரோஸ்கேன் எடுக்கணும். 35 வயசுக்குக் கம்மியா இருந்தா இந்தக் கணக்கை ரொம்ப நம்பாதீங்க. டெங்கு, வைரல் காய்ச்சல் வந்த சமயத்து ரிப்போர்ட்டும் வேண்டாம், பிளேட்லெட் எறங்கி எஸ்ஜிஓடி ஏறி நம்பர் சும்மா எகிறிடும்.

ஃபைப்ரோஸ்கேன் வலிக்காது, ஊசி கெடயாது, விலா எலும்பு பக்கமா டொக் டொக்னு தட்டுற மாதிரி இருக்கும், பத்து நிமிஷ வேலை. 8 கிலோபாஸ்கலுக்குக் கீழன்னா பெரும்பாலும் பயமில்ல. ஆனா மூணு மணி நேரமாச்சும் வெறும் வயிறா இருக்கணும். மாமா வழியில காபி, வடை முடிச்சுட்டு வந்தாரு, இன்னொரு நாள் வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

மருந்து விஷயத்துல டாக்டர்கிட்ட பேசுறதுக்கு முன்னாடி உங்க சுகர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க, மெட்ஃபார்மினோட பயோகிளிட்டசோன்னு சேந்து இருக்கா? கூசி 2016ல வெளியிட்டது இந்த பயோகிளிட்டசோனைப் பத்திதான். சுகரோ, சுகர் வர்ற எல்லையோ இருந்து, லிவர்ல கொழுப்போட வீக்கமும் வந்த 101 பேரு, 18 மாசம். மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 58 சதவீதம் பேருக்கு லிவர் தெளிவா முன்னேறுச்சு, டம்மி மாத்திரைல 17தான். இதைப் படிச்சுட்டு நேரா மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதீங்க, அவங்க குடுத்தது 45 மில்லிகிராம், நம்மகிட்ட பெரும்பாலும் 15, இல்லன்னா 7.5தான். வெயிட் போடும், கால் வீங்கும், எலும்பு பலவீனமாகலாம், ஹார்ட் ஃபெயிலியர் இருக்கவங்க தொடவே கூடாது. சிறுநீர்ப்பை கேன்சர் பயத்துல 2013ல இந்தியாவுலயே கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சு, அப்புறம் எச்சரிக்கையோட திரும்ப விட்டாங்க. செமாக்ளூடைட் ஊசியையும் 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல லிவர் தழும்புக்கு அனுமதிச்சிருக்காங்க, அது வெயிட்டையும் கொறைக்கும், பர்ஸையும் கொறைக்கும்.

அதனால டாக்டர்கிட்ட போறப்ப கணக்கு போட்ட பேப்பர், மாத்திரை அட்டை, ரெண்டையும் கையில வெச்சுக்கங்க. கால் வீக்கம், மூச்சு வாங்குறது, ஒண்ணுக்குப் போறப்ப ரத்தம், இதெல்லாம் இருந்தா அவரு கேக்குறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க. மாமா கால் வீக்கத்தை செருப்பு டைட்டுன்னு நெனச்சு ரெண்டு மாசம் சொல்லவே இல்ல.