சர்வதேச வணிகச் சட்டம்: வினாத்தாளைப் பிரித்ததும் எங்கே தொடங்குவது?

இந்தப் பாடத்தில் புள்ளி போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ஒப்பந்தச் சட்டம், இன்கோடேர்ம்ஸ் (செலவும் இடரும் யாருக்கு என்று சொல்லும் சர்வதேச வணிகச் சொற்கள்), வங்கி விதி மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிவிடுகிறோம். கோணேசபுரி வளாகத்தில் வணிகம் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக, கண்முன்னே இருக்கும் ஒரு சரக்கை வைத்தே இதைப் பிரித்துப் பார்ப்போம்.

கணக்கு இது. திருகோணமலை விற்பனையாளர் ஒருவர் ஹம்பேர்க் நிறுவனத்துக்கு 5,000 தொன் புல்மோட்டை இல்மனைட் (கனிம மணல்) விற்கிறார். தொன் 200 டொலர், எப்.ஓ.பி. திருகோணமலை (அங்கே கப்பலில் ஏற்றித் தருவது விற்பனையாளர் பொறுப்பு), பணம் எல்.சி. மூலம் (சரியான பத்திரங்களைக் கொடுத்தால் பணம் தருவதாக வங்கி தரும் கடனுறுதிக் கடிதம்).

படி 1: ஏ4 தாளைக் குறுக்கே வைத்து மூன்று நிரல் போடுங்கள். எந்த நாட்டுச் சட்டம்? இடர் எங்கே கைமாறும்? எந்தப் பத்திரத்துக்குப் பணம்? வினாவின் ஒவ்வொரு வரியும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் விழ வேண்டும்.

படி 2: முதல் நிரல். அவசரப்படாதீர்கள், சறுக்குவது இங்கேதான். "சர்வதேச விற்பனை" என்று கண்டதும் 1980 வியன்னா சமவாயத்தை (பொருட்களின் சர்வதேச விற்பனை பற்றிய ஐ.நா. ஒப்பந்தம்) எழுதத் தொடங்குவது பிழை. இலங்கை அதில் சேரவில்லை, ஜேர்மனி சேர்ந்திருக்கிறது. இரு நாடும் உறுப்பினராக இருந்தால்தான் அதன் 1(1)(அ) உறுப்புரை நேரடியாகப் பொருந்தும். ஆகவே அடுத்து ஒப்பந்தத்தின் சட்டத் தெரிவு வாசகத்தைத் தேடுங்கள்.

"ஜேர்மன் சட்டம் ஆளும்" என்று இருந்தால் சமவாயம் பின்கதவால் உள்ளே வந்துவிடும். அதுவும் ஜேர்மன் சட்டத்தின் பகுதியே. வேண்டாமென்றால் சமவாயத்தின் 6ஆம் உறுப்புரைப்படி தெளிவாக விலக்கி எழுத வேண்டும். வாசகமே இல்லாமல் வழக்கு ஜேர்மன் நீதிமன்றத்துக்குப் போனால், எந்த நாட்டுச் சட்டம் ஒப்பந்தத்தை ஆளும் என்று சொல்லும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோம் ஒன்று ஒழுங்குவிதியின் 4ஆம் உறுப்புரை விற்பனையாளரின் நாட்டைக் காட்டும். அதாவது, நம்முடைய 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். ஹம்பேர்க்கில் நடக்கும் வழக்கில் திருகோணமலைக்காரரின் சட்டம்! இந்த ஒரு வரியை எழுதினால் விடையின் தரமே மாறும்.

சமவாயத்தை அன்சிட்ரால் (ஐ.நா. சர்வதேச வர்த்தகச் சட்ட ஆணைக்குழு) தளத்திலிருந்து இலவசமாக இறக்கி, தாளில் அச்சிட்டு வாசியுங்கள். சுருக்கக் குறிப்புகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் முதலில் வெட்டுப்படுவது விதிவிலக்குகள்தான். மொத்தம் 101 உறுப்புரைகள். 1 முதல் 6 வரை, பிறகு 25, 35, 38, 39, 49, 79 என்று தொடங்கினால் போதும்.

படி 3: இடர். எப்.ஓ.பி.யில் சரக்கு கப்பலில் ஏறியதும் இடர் வாங்குபவருக்கு. சொத்துரிமை எப்போது மாறும் என்பதை இன்கோடேர்ம்ஸ் சொல்லாது. சமவாயமும் 4ஆம் உறுப்புரையில் அதை விட்டுவிடுகிறது. கொள்கலன் சரக்கென்றால் எப்.சி.ஏ. (வாங்குபவர் அமர்த்திய காவுநரிடம் ஒப்படைத்ததும் இடர் மாறும் சொல்) எழுதுங்கள்: பெட்டியை முனையத்தில் ஒப்படைத்த பிறகு, கப்பல் ஏறும்வரை விற்பனையாளர் ஏன் இடர் சுமக்க வேண்டும்? நம்முடைய மணல் மொத்தமாகக் கொட்டி ஏற்றப்படுவதால் எப்.ஓ.பி. சரி.

படி 4: எல்.சி. இங்கே யூ.சி.பி. 600 (எல்.சி.க்கு வங்கிகள் பின்பற்றும் சர்வதேச விதித்தொகுப்பு). வங்கி பார்ப்பது பத்திரத்தை மட்டும், மணலை அல்ல. ஏற்றிய நாளிலிருந்து 21 நாட்களுக்குள், எல்.சி. காலாவதியாகும் முன், பத்திரங்கள் வங்கிக்குப் போக வேண்டும். சரிபார்க்க வங்கிக்கு 5 வங்கி நாட்கள்.

கப்பலில் ஏறியது 5,120 தொன் என்று பில் ஒஃப் லேடிங் (சரக்கு ஏற்றியதற்குக் கப்பல் தரப்பு தரும் பத்திரம்) சொல்கிறது. பொதி எண்ணிக்கையில் சொல்லாத சரக்குக்கு 5 வீதம் கூடக் குறைய இருக்கலாம் (உறுப்புரை 30), எனவே அளவு சரி. ஆனால் எல்.சி. தொகை 1,000,000 டொலர், சரக்கின் பெறுமதி 1,024,000. அந்த 24,000 டொலரை இந்த எல்.சி.யில் கேட்க முடியாது. அளவு, தொகை இரண்டுக்கும் முன்னால் "சுமார்" என்று முன்கூட்டியே போட வைத்திருந்தால், இரண்டிலும் 10 வீதம்வரை இடம் கிடைத்திருக்கும்.

பின்சேர்ப்பு: "சிங்கப்பூரில் நடுத்தீர்ப்பு" என்று இருந்தால் சிங்கப்பூர் சட்டமா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. அது பிணக்கு தீர்க்கும் இடம் மட்டும். ஒப்பந்தத்தை ஆளும் சட்டத்தை முதல் நிரலில் தனியாகத் தேடுங்கள். அங்கே கிடைக்கும் தீர்ப்பை இலங்கையில் அமுல்படுத்த 1958 நியூயோர்க் சமவாயமும், 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டமும் இருக்கின்றன.