மஸ்டாங் ஜிடியா, எம்2 காம்பெடிஷனா? நீலகிரியில் ஸ்போர்ட்ஸ் கூப்பே வாங்குவதற்கும் ட்யூன் செய்வதற்கும் ஒரு செய்முறை விளக்கம்

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீலகிரியில் குடியிருந்துகொண்டு ஸ்போர்ட்ஸ் கூப்பே வாங்க நினைப்பவர்கள் முதலில் மனத்தில் வைக்க வேண்டிய எண் இதுதான். குதிரைத்திறன், டார்க் எனும் முறுக்குவிசை, நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை விநாடியில் தொடும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. விற்பனைத் தாளில் அச்சாகும் எண்கள் சமவெளிக் காற்றுக்கானவை. குன்னூரிலும் ஊட்டியிலும் அந்தக் காற்று கிடையாது.

இப்படி ஒரு காரை முதல்முறையாக வாங்குகிறவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன். எடுத்துக்கொண்ட கார்கள் இரண்டு: ஃபோர்டு மஸ்டாங் ஜிடி, பிஎம்டபிள்யூ எம்2 காம்பெடிஷன். மஸ்டாங் 2016-இல் இந்தியாவுக்கு வந்தது. எம்2 காம்பெடிஷன் 2018-இல். இன்று இரண்டையும் பழைய கார் சந்தையில்தான் தேட வேண்டும். இரண்டுக்கும் இரண்டு கதவு, நான்கு இருக்கை, பின்சக்கர இழுப்பு. மஸ்டாங்கில் 5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) என்ஜின்; காற்றை அழுத்தி என்ஜினுக்குள் அனுப்பும் டர்போ கிடையாது. இந்திய மாடலுக்கு 401 குதிரைத்திறன், 515 நியூட்டன் மீட்டர். எம்2-வில் 3 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ. 410 குதிரைத்திறன், 550 நியூட்டன் மீட்டர். தாளில் பார்த்தால் ஏறக்குறைய சமம். மலையில் சமம் இல்லை.

படி 1: உயரக் கணக்கைப் போடுங்கள்

டர்போ இல்லாத என்ஜின் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ மூன்று சதவீதச் சக்தியை இழக்கும் என்பது நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. ஊட்டி சுமார் 7,350 அடி. அப்படியானால் இழப்பு 22 சதவீதத்தை ஒட்டி வருகிறது. மஸ்டாங்கின் 401 குதிரைத்திறன் ஊட்டி சேரிங் கிராஸில் நிற்கும்போது 310 சொச்சம்தான். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவுக்கு ஏறினால் இன்னும் குறையும். என்ஜினில் கோளாறு எதுவும் இல்லை. உள்ளே போகும் காற்றில் பிராணவாயு குறைவு. அதற்கேற்ப எரியும் பெட்ரோலும் குறைவு. அவ்வளவுதான்.

டர்போ என்ஜின் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். வெளியே அழுத்தம் குறைந்ததை என்ஜின் கணினி கண்டுகொண்டு, டர்போவை இன்னும் வேகமாகச் சுழலவைத்து, சிலிண்டருக்குள் போக வேண்டிய காற்றை அனுப்பிவிடுகிறது. அதனால் எம்2 மேட்டுப்பாளையத்தில் இழுத்தபடியே ஏறக்குறைய ஊட்டியிலும் இழுக்கும். இந்த ஈடுகட்டலுக்கு ஒரு விலை உண்டு. ட்யூனிங்கில் பலர் கவனிக்காத இடமும் அதுதான். படி 6-இல் வருகிறேன்.

உங்கள் ஓட்டம் பெரும்பாலும் கோவை, அவிநாசி, சேலம் நெடுஞ்சாலை என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். அங்கே மஸ்டாங்கின் வி8 தன் முழு வலுவோடு இருக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்த கணத்தில் பதில் சொல்லும் அந்த என்ஜினை எனக்கும் மிகவும் பிடிக்கும். ஆனால் வீடு கோத்தகிரியிலோ குன்னூரிலோ ஊட்டியிலோ என்றால், என் வாக்கு எம்2-வுக்குத்தான்.

படி 2: சாலைக்குக் கார் பொருந்துமா என்று பாருங்கள்

மஸ்டாங் 4.78 மீட்டர் நீளம், கண்ணாடிகளைச் சேர்க்காமலே ஏறத்தாழ 1.92 மீட்டர் அகலம். எம்2 4.46 மீட்டர் நீளம், ஏறத்தாழ 1.85 மீட்டர் அகலம். ஏழு சென்டிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். மேட்டுப்பாளையம் - குன்னூர் சாலையின் கொண்டை ஊசி வளைவில் எதிரே அரசுப் பேருந்து முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டு திரும்பும்போது, வடிகால் விளிம்புக்கும் உங்கள் சக்கரத்துக்கும் நடுவே மிஞ்சுவது அந்த ஏழு சென்டிமீட்டர்தான். நீளமான பானெட்டுக்குப் பின்னால் தாழ உட்கார்ந்து அந்த விளிம்பைக் கணிப்பது எளிதல்ல. எடையிலும் எம்2 இலகு: அது 1,600 கிலோவை ஒட்டி நிற்க, மஸ்டாங் 1,700-ஐத் தாண்டிவிடுகிறது.

வீட்டுக்குப் போகும் கடைசி நூறு மீட்டரையும் அளந்துவிடுங்கள். தேயிலைத் தோட்டத்துக்குள் செங்குத்தாக ஏறும் சிமெண்ட் பாதை தொடங்கும் இடத்தில்தான் இந்த மாதிரிக் கார்களின் முன் பம்பர் அடி வாங்கும்.

படி 3: மலையில் ஓட்டிப் பாருங்கள்

கோவையில் அகலமான சாலையில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். விற்பவரிடம் சொல்லிக் குறைந்தது குன்னூர் வரை ஏறி இறங்குங்கள். கோடைச் சீசனில் வேண்டாம். அப்போது குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கும் ஒருவழி ஏற்பாடு இருக்கும், சாலை முழுக்க நெரிசல். சாதாரண வார நாளில் அதிகாலையில் புறப்படுங்கள்.

கவனிக்க வேண்டியது வேகம் அல்ல. வளைவில் திரும்பி முடித்து மிதிக்கும்போது என்ஜின் எந்தச் சுற்றில் இருக்கிறது, எப்படி இழுக்கிறது என்று பாருங்கள். எம்2-வின் 550 நியூட்டன் மீட்டரும் நிமிடத்துக்கு 2,350 சுற்றிலேயே வந்துவிடும். 5,200 வரை குறையாது. மஸ்டாங்கின் உச்ச டார்க் 4,250 சுற்றுக்கு அருகில். கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே உள்ள குட்டையான நேர்ச்சாலைகளில் அந்த 4,250 வருவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. மறுபுறம், எம்2-வின் டார்க் சட்டென்று பின்சக்கரத்தில் இறங்கும். மழையில் யூகலிப்டஸ் இலை ஒட்டிக்கிடக்கும் வளைவில் அது சறுக்கும். மின்னணுப் பிடிமானக் கட்டுப்பாட்டை மலையில் ஒருபோதும் அணைக்காதீர்கள்.

படி 4: பழைய வண்டியில் பார்க்க வேண்டியவை

இரண்டுக்கும் பொது: முழு சர்வீஸ் பதிவு, விபத்துப் பழுது, டயரின் உற்பத்தி வாரம், வேறு மாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்று, ஆயுட்கால வரி.

மஸ்டாங்குக்குத் தனியாக ஒரு கேள்வி: உதிரி பாகம் எங்கிருந்து வரும்? இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. மஸ்டாங் எப்போதும் முழுமையாக இறக்குமதியான கார்தான். அமெரிக்காவில் இதன் பாகங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஒரு ஹெட்லைட்டுக்குக் கடல் கடந்து காத்திருக்க உங்களுக்குப் பொறுமை வேண்டும்.

எம்2-வில் பார்க்க வேண்டியது, முந்தைய உரிமையாளர் என்ஜின் கணினியில் கைவைத்திருக்கிறாரா என்பது. இதன் எஸ்55 என்ஜினில் கிராங்க் ஷாஃப்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) முனையில் ஒரு ஹப் இருக்கிறது. வால்வுகளின் நேரத்தைக் காக்கும் டைமிங் செயினை ஓட்டும் பற்சக்கரம் அந்த ஹப்போடு சேர்ந்து, நடுவில் முறுக்கிய ஒற்றை போல்ட்டின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கிறது. அதை நழுவாமல் பூட்டிவைக்கும் ஆப்பு (கீ) எதுவும் கிடையாது. டார்க்கை மிகவும் ஏற்றி, கியர் மாற்றங்களில் அதிர்ச்சி கொடுத்துக்கொண்டே இருந்தால், ஹப் நழுவி வால்வுகளின் நேரம் தப்பிவிடலாம். கம்பெனி நிலையிலேயே ஓடிய வண்டியில் இந்த ஆபத்து மிகக் குறைவு. அதனால்தான், ஏற்கெனவே ட்யூன் செய்ததை விட அசல் நிலையில் உள்ள வண்டிக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம் என்கிறேன்.

படி 5: முதல் ட்யூனிங் பிரேக்குக்கும் டயருக்கும்

ட்யூனிங் என்றதும் சக்தியைக் கூட்டுவதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். மலையில் முதல் செலவு நிறுத்துவதற்கு. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 1,900 மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். ஆளோடு சேர்த்து 1,800 கிலோ வண்டி என்றால் அந்த இறக்கம் முழுவதிலும் 33 மெகாஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலை எங்கேயாவது செலவழித்தாக வேண்டும். என்ஜின் தடுப்பில் போகாதது எல்லாம் பிரேக் டிஸ்க்கில் வெப்பமாகத்தான் சேரும். பர்லியாற்றில் மங்குஸ்தான் விற்கும் கடைகளின் முன்னால், சக்கரத்திலிருந்து புகை வர நிற்கும் சுற்றுலா வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். கருகிய அந்த நாற்றம் பழ வாசனையையும் மீறி அடிக்கும்.

பிரேக் பேட் சூடாவதை விட ஆபத்தானது பிரேக் ஆயில் கொதிப்பது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது தரவிதி. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தபின் விதி கேட்பது 155 டிகிரி மட்டுமே. இரண்டு பருவமழையும் மாதக்கணக்கில் மூடுபனியும் உள்ள ஊர் நம்முடையது. ஆயில் கொதித்தால் குழாயில் நீராவிக் குமிழ் உண்டாகும். பெடலை மிதிக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் கால் அடிவரை போய்விடும். எனவே வாங்கிய வாரமே ஆயிலை முழுதாக வடித்து, டாட் 5.1 அல்லது உயர்தர டாட் 4 நிரப்புங்கள். பழைய ஆயில் தேநீர் நிறத்தில் வந்தால் நெடுநாள் மாற்றவில்லை என்று பொருள். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். வெப்பம் தாங்கும் பேட்களும் போடுங்கள்; ஆனால் பந்தயத்துக்கான பேட் வேண்டாம். அது சூடாகும் வரை பிடிக்காது, குளிர்ந்த காலையில் முதல் வளைவிலேயே திகைக்கவைக்கும்.

எந்தப் பிரேக்கானாலும் இறக்கத்தில் கியரைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கார்களிலும் ஸ்டீயரிங் பின்னால் கியர் மாற்றும் துடுப்பு (பேடில்) உண்டு. இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லும் பலகைகள் ஸ்போர்ட்ஸ் காருக்கும் சேர்த்துத்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளில் வெளிமாவட்ட வண்டிகளை இறங்க விடாததற்குக் காரணமே பிரேக்கை மட்டும் நம்பி இறங்கியவர்களின் விபத்துகள்தான்.

டயரில் ஒன்று. இந்தக் கார்களோடு வரும் ஸ்போர்ட்ஸ் டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகிப் பிடிமானம் இழக்கும். தலைக்குந்தாவில் உறைபனி கொட்டும் டிசம்பர், ஜனவரி காலைகளில் வெயில் ஏறும் வரை நிதானமாகவே ஓட்டுங்கள். பந்தயத் தளத்துக்கான டயரை நீலகிரியில் அன்றாடம் போட்டுத் திரியவே கூடாது.

படி 6: இப்போது சக்தி

இங்கே எம்2 மிகத் தெளிவாக முந்துகிறது. அதே எஸ்55 என்ஜினைக் கொண்டு பிஎம்டபிள்யூவின் இன்னொரு காரான எம்4-இல் கம்பெனியே 431 குதிரைத்திறன் எடுத்தது. எம்2 சிஎஸ்-இல் 450. தண்ணீர் தெளிப்பு வசதி கொண்ட எம்4 ஜிடிஎஸ்-இல் 500. அதாவது 410 என்பது எல்லை அல்ல; கம்பெனி வேண்டுமென்றே நிறுத்திய இடம். வெறும் மென்பொருள் மாற்றத்தாலேயே 450-ஐத் தாண்டலாம்.

மஸ்டாங்கில் அப்படி இல்லை. இதே வி8 அமெரிக்காவில் 435 குதிரைத்திறனோடு விற்றது உண்மை. ஆனால் டர்போ இல்லாததால் மென்பொருளால் மட்டும் கிடைக்கும் லாபம் சிறியது. பெரிதாக வேண்டுமென்றால் டர்போவைப் போலவே காற்றை அழுத்தி அனுப்பும் சூப்பர்சார்ஜர்தான். அந்த என்ஜின் அதை நன்றாகவே தாங்கும். உலகம் முழுவதும் செய்கிறார்கள். ஆனால் சூப்பர்சார்ஜர் பெல்ட்டில் ஓடுவது. என்ஜின் சுற்றுக்கு ஏற்பத்தான் அது சுழலும். உயரத்தைப் பார்த்துத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளாது. பல லட்சம் செலவழித்தபின் ஊட்டியில் மறுபடியும் அதே விகிதத்தில் இழப்பீர்கள்.

எம்2 வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். உதாரணத்துக்கு, கடல் மட்டத்தில் டர்போ காற்றை இரண்டு மடங்கு அழுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊட்டியில் வெளி அழுத்தம் 0.77 பங்குதான் என்பதால், அதே முடிவுக்கு 2.6 மடங்கு அழுத்த வேண்டும். டர்போ இன்னும் வேகமாகச் சுழலும், காற்று இன்னும் சூடாகும். அசல் நிலையில் இதற்குக் கம்பெனி இடம் விட்டிருக்கிறது. கோவையில் டைனோவில் (சக்தியை அளக்கும் இயந்திரம்) வைத்து அந்த இடத்தை எல்லாம் எடுத்துக்கொண்ட மேப் (என்ஜின் கணினிக்கு எழுதும் மென்பொருள்), குன்னூர் தாண்டியதும் டர்போவை அதன் தாங்கும் எல்லைக்குத் தள்ளும். ட்யூன் செய்பவரிடம் இப்படிக் கேளுங்கள்: “அண்ணா, வண்டி ஊட்டியில் ஓடப்போகிறது. உயரம் கூடும்போது இந்த மேப் டர்போவின் அழுத்தத்தை (பூஸ்ட்) குறைக்குமா? மலையில் ஓட்டி எடுத்த பதிவைக் காட்ட முடியுமா?” பதில் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள்.

பெட்ரோலையும் இதோடு முடிவுசெய்யுங்கள். நீங்கள் அன்றாடம் போடும் பங்க்கில் என்ன ஆக்டேன் கிடைக்கிறதோ அதற்குத்தான் மேப் எழுதவேண்டும். பெருநகரத்தில் கிடைக்கும் 100 ஆக்டேனுக்கு எழுதிய மேப்போடு ஊரில் கிடைப்பதை ஊற்றினால் பெட்ரோல் நேரம் தப்பி வெடித்து என்ஜின் நாக் அடிக்கும். என் பரிந்துரை 450 குதிரைத்திறனில் நிறுத்துவது. கம்பெனியே உத்தரவாதத்தோடு விற்ற எண் அது; ஹப்புக்கும் டர்போவுக்கும் மூச்சு விட இடம் இருக்கும். முழுச் சக்தியையும் பார்க்க வேண்டுமென்றால் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தளம் இருக்கிறது. பொதுச்சாலை அதற்கான இடமல்ல.

சைலன்சரை மட்டும் மாற்றாதீர்கள். கல்லாறு, பர்லியாறு பகுதியில் யானைகள் சாலையைக் கடக்கின்றன. குட்டியோடு நிற்கும் கூட்டத்தின் அருகே வெடிச்சத்தத்தோடு போகும் காரை என்னால் மன்னிக்க முடியாது.

படி 7: காகிதங்கள்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் அடிப்படை விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தத் தடை விதிக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. பிரேக் ஆயில், பேட், அதே அளவு டயர் ஆகியவை பராமரிப்பில் அடங்கும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவது மாசு விதிகளுக்கு எதிரானது. மென்பொருள் உட்பட எந்த மாற்றமானாலும் செய்வதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தெரிவிக்காத மாற்றம் விபத்துக்குப் பின் தெரியவந்தால் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகும். அசல் மென்பொருளின் நகலைப் பணம் கொடுக்கும்போதே ட்யூனரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். அடுத்த சர்வீஸுக்குப் போகும்போதும், வண்டியை விற்கும்போதும் அது தேவைப்படும்.