ஏணை ஆடாமலும் பிள்ளை உறங்கும்

யாழ்ப்பாணத்தில் கைக்குழந்தை உள்ள வீடுகளில் இரவு இரண்டு மணிக்கும், கூரை வளையில் கட்டிய ஏணையின் (துணித் தொட்டிலின்) கயிறு கிறீச்சிடுவது கேட்கும். ஆட்டுகின்ற கை ஓய்ந்ததும் பிள்ளை சிணுங்கும். மூத்தவனுக்கு ஐந்து மாதம் இப்படி ஆட்டிக் களைத்த பின், இளையவளுக்கு நாங்கள் கைக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

பிறந்து முதல் இரண்டு மாதங்களில் எதையும் பழக்க முயல வேண்டாம். அப்போது பிள்ளையின் உடலுக்கு இரவு பகல் தெரியாது. இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாலுக்கு எழும்புவதும் இயல்பே.

முதற்படி பகலில் தொடங்குகிறது. காலையில் யன்னல்களைத் திறந்து பிள்ளையை வெளிச்சத்தில் வைத்திருங்கள். பகல் உறக்கத்தின்போது வீட்டார் வழக்கம்போலக் கதைக்கலாம். இரவுப் பாலை மட்டும் மங்கலான வெளிச்சத்தில், கொஞ்சலும் விளையாட்டும் இன்றிக் கொடுங்கள்.

அடுத்து, மாலையில் உடம்பு கழுவுதல், மெல்லிய பருத்திச் சட்டை, பால், தாலாட்டு என்ற ஒழுங்கை நாள்தோறும் ஒரே நேரத்தில் பின்பற்றுங்கள். அப்பம்மாவின் தொலைக்காட்சி நாடகமும் அதே நேரத்தில்தான் வரும் என்பதால், இதற்குச் சிறிது பேச்சுவார்த்தை தேவைப்படலாம்.

மூன்றாவது படியே கடினமானது. குழந்தையின் உறக்கம் ஏறத்தாழ 50 நிமிடத்துக்கு ஒருமுறை மெலிந்து மீண்டும் ஆழமாகும். ஆட்டத்திலேயே உறங்கிப் பழகிய பிள்ளை, உறக்கம் மெலியும் ஒவ்வொரு வேளையிலும் அந்த ஆட்டத்தைத் தேடி அழுகிறது. ஆகவே மூன்று நான்கு மாதமானதும், கண் சொருகத் தொடங்கி முழுதாக உறங்குமுன்பே பிள்ளையைப் படுக்கையில் வளர்த்தி, நெஞ்சில் கையை வைத்து மெதுவாகத் தட்டிக்கொடுங்கள். அழுதால் தூக்கி ஆற்றி, மறுபடியும் வளர்த்துங்கள். எங்கள் மகள் முதல் இரவில் ஏழு தடவை அழுதாள்; இரண்டாவது கிழமையில் தன் விரலைச் சூப்பியபடி தானாகவே உறங்கினாள்.

படுக்கை தாயின் அறையிலேயே, ஆனால் தனியாக, சமதளமாகவும் அமுங்காததாகவும் இருக்க வேண்டும். தலையணையோ பொம்மையோ வேண்டாம்; பிள்ளையை எப்போதும் மல்லாக்காக வளர்த்துங்கள். ஏணையில் முதுகு வளைந்து நாடி நெஞ்சில் படிந்தால் மூச்சுத் தடைப்படலாம் என்பதால், இரவு முழுவதும் அதில் விடுவது நல்லதன்று. நுளம்புத்திரியின் புகைக்குப் பதிலாக நுளம்பு வலையை இழுத்துக் கட்டுங்கள். சித்திரை வெக்கையில் பிள்ளையின் பிடரியைத் தொட்டுப் பாருங்கள்; அது வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறைக்கலாம்.

நள்ளிரவில் சிணுங்கல் கேட்டவுடன் பாய்ந்து தூக்காமல் ஓரிரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள்; பல வேளைகளில் அது உறக்கத்தில் எழும் முனகலாகவே இருக்கும். பசி அழுகையாயின் பால் கொடுக்கத்தான் வேண்டும். உறக்கம் வரட்டும் என்று ஆறு மாதத்துக்கு முன்பே போத்தலில் அரிசிமாக் கஞ்சி கரைத்துக் கொடுக்க வேண்டாம். பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ, மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு வெப்பநிலை 38 பாகை செல்சியஸை எட்டினாலோ, இந்தப் பழக்கங்களை அன்றிரவு ஒதுக்கிவிட்டு உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.