கட்டடத் தகராறில் வல்லுநர் சாட்சி: வீடு கட்டுவோருக்கான வழிகாட்டி

சொந்த மனையில், ஒப்பந்ததாரரிடம் சதுர அடிக் கணக்கில் வேலையைக் கொடுத்து வீடு கட்டியவர், முதல் மழைக்காலத்திலேயே தளம் ஒழுகுவதையும் பீமில் விரிசல் ஓடுவதையும் கண்டால், உடனே ஒரு கொத்தனாரை அழைத்துப் பூசி மறைத்துவிடுவது வழக்கம். பிறகு வழக்கு என்று வரும்போது காட்டுவதற்கு விரிசலே இருப்பதில்லை. ஆகவே, உயிருக்கு ஆபத்து இல்லாத வரையில் எதையும் பூசாதீர்கள்; ஆபத்து இருந்தால் முட்டுக் கொடுத்து நிறுத்தி, பழுதுபார்க்கப் போவதை ஒப்பந்ததாரருக்குப் பதிவுத் தபாலில் தெரிவித்து, வேலைக்கு முன்னும் பின்னும் அளவுகோலுடன் படம் எடுத்து வையுங்கள். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வைத்தால், அது நீள்கிறதா, நின்றுவிட்டதா என்பதைப் பின்னர் வரும் பொறியாளர் எளிதில் கண்டுகொள்வார்.

அந்தப் பொறியாளரை அழைக்கும் முன், அவர் உங்களுக்கு ஆலோசகராக வேண்டுமா, சாட்சியாக வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். இவை இரண்டு வேலைகள். ஒரே ஆளிடம் இரண்டையும் ஒப்படைப்பதே இத்தகைய வழக்குகளில் நேரும் பெரிய தவறு என்று கருதுகிறேன். ஆலோசகர் உங்கள் பக்கத்தவர். ஒப்பந்தம், வரைபடம், பில் எல்லாவற்றையும் பார்த்து, வழக்கு எங்கே வலுவாக இருக்கிறது, எங்கே பலவீனமாக இருக்கிறது, சமரசமாகப் போவது மேலா என்பதை உங்களிடமும் உங்கள் வழக்கறிஞரிடமும் ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டியவர். சாட்சியோ, கட்டணம் நீங்களே கொடுத்தாலும், நீதிமன்றத்துக்கு உதவ வருபவர். முதல் நாளிலிருந்து உங்களோடு அமர்ந்து வழக்கை வகுத்தவர் கூண்டில் ஏறினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் சில கேள்விகளிலேயே அவருடைய நடுநிலை கரைந்துவிடும். மேலும், வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்குச் சட்டம் தரும் காப்பு, பொறியாளருடன் நீங்கள் நேரடியாக நடத்தும் வாட்ஸ்அப் உரையாடலுக்கும் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

வல்லுநர் கருத்தை ஏற்க இடம் தந்துவந்த 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 39ஆம் பிரிவாக நடைமுறையில் இருக்கிறது. பட்டம் மட்டும் ஒருவரை வல்லுநர் ஆக்கிவிடாது. ஆப்பிள் தோட்டங்களின் விளைச்சல் திறனைக் கணித்த தோட்டக்கலை அதிகாரி ஒருவரின் சாட்சியத்தை, 1999இல் இமாச்சலப் பிரதேச அரசு எதிர் ஜெய்லால் வழக்கில் ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், குறிப்பிட்ட அந்தப் பொருளில் தனிப் பயிற்சியோ அனுபவமோ வேண்டும் என்றும், முடிவை மட்டும் சொன்னால் போதாது, அதற்கு அடிப்படையான தரவுகளையும் காரணங்களையும் முன்வைக்க வேண்டும் என்றும் கூறியது. ஆகவே தளம் ஒழுகும் வழக்குக்கு, கட்டமைப்புப் பழுதுகளை ஆராய்ந்து பழகியவரைத் தேடுங்கள். பில் தொகையில் தகராறு என்றால், அளவெடுத்து மதிப்பிடுவதில் தேர்ந்தவரே பொருத்தம்.

அவருக்கு அனுப்பும் கடிதத்தை வழக்கறிஞர் மூலமாக எழுதுங்கள். “ஒப்பந்ததாரரின் மோசடியை நிரூபித்துத் தாருங்கள்” என்று அதில் ஒரு வரி இருந்தாலும் அறிக்கை கெட்டது. விரிசலின் அகலமும் போக்கும் என்ன, காரணங்கள் எவையாக இருக்கக்கூடும், சரிசெய்ய என்ன வேலையும் செலவும் ஆகும் என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்குப் பாதகமான தாள்களையும் சேர்த்தே அனுப்புங்கள்: நீங்களே வாங்கிக் கொடுத்த சிமெண்ட் ரசீது, வரைபடத்தில் இல்லாத தண்ணீர்த் தொட்டியை மாடியில் வைத்த விவரம், ஏசி குழாய்க்காக பீமைத் துளைத்த செய்தி. இவற்றையெல்லாம் ஆராய்ந்து, இவை காரணமல்ல என்று காரணத்தோடு எழுதும் அறிக்கைதான் குறுக்கு விசாரணையைத் தாங்கும். கட்டணத்தை வழக்கின் வெற்றியோடு ஒருபோதும் இணைக்காதீர்கள்.

சோதனைகளில்தான் பணமும் வழக்கும் வீணாகும் வாய்ப்பு அதிகம் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கான்கிரீட்டின் மேற்பரப்பில் அடித்து, அது துள்ளித் திரும்பும் அளவைக்கொண்டு வலிமையைக் கணிக்கும் ரீபவுண்டு ஹாமர் கருவி மலிவானது, விரைவானது. ஆனால் அதைக்கொண்டு கணிக்கும் வலிமை 25 சதவீதம் வரை கூடவோ குறையவோ கூடும் என்று பழைய இந்தியத் தர நிர்ணயமே சொல்லியிருக்கிறது, காற்றிலுள்ள கரியமில வாயுவால் மேற்பரப்பு இறுகிப்போன பழைய கான்கிரீட்டில் அளவு கூடுதலாகவும் காட்டும். எங்கே கான்கிரீட் மட்டமாக இருக்கிறது என்று ஒப்பிட்டுத் தேட அது உதவும். அதை மட்டும் நம்பி வழக்குப் போட முடியாது. வலிமையை நிறுவ, துளையிட்டு எடுக்கும் கோர் எனப்படும் உருளைத் துண்டு வேண்டும். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 456:2000 விதிப்படி மூன்று கோர்களுக்குக் குறையாமல் சோதிக்க வேண்டும். அவற்றின் சராசரி, அந்தத் தரத்துக்கு உரிய வலிமையில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும், எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. உரிய வலிமை 20 மெகாபாஸ்கல் (வலிமையை அளக்கும் அலகு) ஆன எம்20 தரக் கான்கிரீட் என்றால் சராசரி 17, தனித்தனியே 15 மெகாபாஸ்கலாவது வேண்டும். ஆகவே 18 என்று வந்த முடிவைக் காட்டி “20 இல்லை, ஏமாற்றிவிட்டார்” என்று வாதிட்டால், எதிர்த்தரப்புப் பொறியாளர் இந்த விதியை எடுத்துப் படித்தே அதை முடித்துவிடுவார். கோர் எடுக்குமுன் கம்பி இருக்கும் இடத்தைக் கருவியால் கண்டறிந்து, ஒப்பந்ததாரருக்கும் தகவல் கொடுத்து, அவர் முன்னிலையில் எடுத்து, சோதனைக்கூடங்களை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பச் செய்யுங்கள்.

வழக்கு நடக்கும் இடத்தைப் பொறுத்து வல்லுநரின் வேலையும் மாறும். சிவில் நீதிமன்றத்தில், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26ஆம் கட்டளை 9ஆம் விதிப்படி, இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கக் கோரலாம். அவர் சட்டம் படித்தவர், கட்டடம் படித்தவர் அல்லர். எனவே பொறியாளர் ஒருவரின் உதவியோடு பார்வையிட வேண்டும் என்று மனுவிலேயே கேட்பதும், எந்தெந்த இடத்தை அளக்க வேண்டும் என்ற வொர்க் மெமோவை உங்கள் ஆலோசகரைக் கொண்டு தயாரிப்பதும் அவசியம். ஆணையரின் அறிக்கை சாட்சியமாகவே பதிவாகிவிடும் என்பதால், அதில் பிழை இருந்தால் எழுத்தில் ஆட்சேபணை தாக்கல் செய்து, நீதிமன்ற அனுமதியோடு அவரை விசாரிக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் பிரமாண வாக்குமூலமும் ஆவணங்களுமே அடிப்படை. வல்லுநர் நேரில் விளக்க வாய்ப்பே கிடைக்காமல் போகலாம் என்பதால், அறிக்கை தன்னந்தனியாக நின்று பேச வேண்டும். அங்கே புகாருக்கு இரண்டு ஆண்டு வரம்பும் உண்டு. நீதிமன்றத்துக்கு வெளியே, ஒப்பந்தப்படி தகராறைத் தீர்க்கும் நடுவர் மன்றத்தில், 1996ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி மன்றமே வல்லுநரை நியமிக்கலாம். அவர் கையில் இருக்கும் ஆவணங்களைப் பார்வையிடவும், அறிக்கை தந்த பின் அவரை வாய்மொழி விசாரணைக்கு வரவழைத்துக் கேள்வி கேட்கவும் நீங்கள் கோரலாம். அந்தக் கேள்விகளை எழுதித் தருவதும் உங்கள் ஆலோசகரின் வேலையே.

சாட்சி கூண்டில் ஏறும் நாளுக்கு முன், தன் அறிக்கையைத் தானே எழுதியதாகவும், கட்டடத்துக்குத் தானே சென்று பார்த்ததாகவும் அவரால் தயங்காமல் சொல்ல முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். உதவியாளரை அனுப்பி அளந்திருந்தால், அதை அறிக்கையிலேயே சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்ல வேண்டிய பதிலை நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள். தெரியாததற்குத் தெரியாது என்றும், கேள்வி தன் துறைக்கு வெளியே இருந்தால் அப்படியே என்றும் சொல்ல அவருக்கு உரிமை உண்டு.