மேல் கழுத்தில் ஸ்க்ரூ வைக்கும் முன் ரத்தக்குழாயின் பாதையைக் கேட்டறியுங்கள்

குன்னூரிலோ கோத்தகிரியிலோ தேயிலைச் சரிவில் விழுந்தவருக்கும், முடக்குவாதத்தால் கழுத்தெலும்பின் பிணைப்பு தளர்ந்தவருக்கும், முதல் இரண்டு கழுத்தெலும்புகளை ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து நிலைப்படுத்தும் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். அடிபட்டவரை மலையிறக்கும்போது காரில் உட்காரவைக்காமல், காலர் அணிவித்து, தலையின் இருபுறமும் துணிச்சுருள் வைத்து, ஆம்புலன்ஸில் படுக்கவைத்தே கோயம்புத்தூருக்குக் கொண்டுசெல்லுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் நிதானமாகப் போகுமாறு ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மருத்துவமனையில் முதலில் கேட்க வேண்டியது ரத்தக்குழாயைப் பற்றித்தான். மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுசெல்லும் முள்ளெலும்புத் தமனி, பக்கத்துக்கு ஒன்றாக, பெரும்பாலும் ஆறாவது கழுத்தெலும்பின் பக்கத்துளையில் நுழைந்து மேலேறி, முதல் எலும்பான அட்லஸின் பின்வளைவுக்கு மேலாகத் திரும்பி மண்டைக்குள் செல்கிறது. சிலருக்கு அது இரண்டாம் எலும்பான ஆக்சிஸுக்குள் மிக உயரமாக வளைந்து, ஸ்க்ரூ செல்ல வேண்டிய எலும்பையே மெலிதாக்கிவிடுகிறது. அந்த இடத்தில் எலும்பின் உயரம் 5 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் அறுவை மருத்துவர்கள் எச்சரிக்கையாகிறார்கள். வேறு சிலருக்குத் தமனி அட்லஸின் மேலே போகாமல் அதன் கீழாகவே தண்டுவடக் கால்வாய்க்குள் புகுகிறது; இரண்டாகப் பிரிந்து மீண்டும் சேர்வதும் உண்டு. அட்லஸ் பிறவியிலேயே மண்டையோட்டுடன் ஒட்டியிருப்பவர்களிடம் இத்தகைய மாறுபாடுகள் அதிகம்.

சாதாரண எக்ஸ்ரேயில் இவை தெரியா. ஆகவே சாய மருந்து செலுத்தி ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேனான சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்த பிறகே திட்டம் வகுக்கப்பட்டதா என்று தயங்காமல் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு, முன்பு ஏற்பட்ட ஒவ்வாமை, சர்க்கரை நோய்க்கு உட்கொள்ளும் மெட்ஃபார்மின் ஆகியவற்றை, சாய மருந்து செலுத்தும் முன்பே சொல்லிவிட வேண்டும். இரு தமனிகளில் எது பெரியது என்பதையும் கேளுங்கள். ஒன்று மிகச் சிறுத்திருந்தால் மூளை மற்றதையே நம்பியிருக்கும், அந்தப் பெரிய தமனி உள்ள பக்கத்தில் துணிந்து துளையிடுவது பெருந்தவறாக முடியலாம்.

பாதை மாறியிருக்கிறது என்பதற்காகச் சிகிச்சையைக் கைவிட வேண்டியதில்லை. மும்பையின் நரம்பியல் அறுவை மருத்துவர் அதுல் கோயல் 1994இல் வெளியிட்ட முறையில் இரு எலும்புகளுக்கும் தனித்தனி ஸ்க்ரூ வைக்கப்படுவதால், இரண்டையும் ஊடுருவும் நீண்ட ஸ்க்ரூவைத் தவிர்க்க முடிகிறது. ஆக்சிஸில் குட்டையான ஸ்க்ரூ வைக்கலாம். அந்த எலும்பின் பின்புறத்தில் தகடுபோல் உள்ள பகுதிக்குள் செலுத்தினால் தமனியை விட்டு முற்றிலும் விலகிவிடலாம். ஒரு பக்கம் தமனி காயப்பட்டால் மறுபக்கத்தில் அதே ஆபத்தை எதிர்கொள்ளக் கூடாது என்பதால், மாற்று வழியையும் முன்கூட்டியே விளக்கச் சொல்லுங்கள்.

தலையைத் திருப்பும் ஆற்றலில் ஏறத்தாழ பாதி இந்த இரு எலும்புகளுக்கு இடையில்தான் இருக்கிறது, இணைத்த பின் அது குறையும். எலும்பு கூடிவிட்டதை ஸ்கேனில் பார்த்து மருத்துவர் அனுமதிக்கும் வரை, கொழுந்து மூட்டையைத் தலையில் சுமப்பதும் மலைப்பாதையில் வண்டி ஓட்டுவதும் கூடாது.