பழைய கம்ப்யூட்டரில் பிரவுசர் அடிக்கடி மூடிக்கொள்கிறதா? காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை

பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய கம்ப்யூட்டரில் குரோமோ ஃபயர்ஃபாக்ஸோ திடீர் திடீரென்று மூடிக்கொண்டால், பலரும் முதலில் செய்வது அதை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வதுதான். இதனால் சரியாவது அபூர்வம். பிரவுசரை நீக்கினாலும் பழைய ப்ரொஃபைல் (உங்கள் புக்மார்க், செட்டிங்ஸ் எல்லாம் உள்ள ஃபோல்டர்) பெரும்பாலும் டிஸ்க்கிலேயே இருந்துவிடும். ரேம் பற்றாக்குறை, பழைய கிராஃபிக்ஸ் டிரைவர் (திரையில் படம் காட்டும் சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் சாஃப்ட்வேர்), தேய்ந்த ஹார்ட் டிஸ்க் ஆகியவை பிரவுசரை மாற்றியதால் மாறப்போவதில்லை. எனவே காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு கை வைப்போம்.

விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க் உள்ள லேப்டாப்பை வைத்து இதை எழுதுகிறோம். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்புகளில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவையும் ஏறக்குறைய இதே வகைதான், ரேம் இன்னும் குறைவாக இருக்கலாம்.

1. எது நிற்கிறது என்று பாருங்கள்

ஒரு டேப் மட்டும் போய், 'அவ், ஸ்னாப்' என்ற பக்கம் வந்தால், அதன் அடியில் சிறிய எழுத்தில் ஒரு எரர் கோட் இருக்கும். 'அவுட் ஆஃப் மெமரி' என்று இருந்தால் நேராக மூன்றாவது படிக்குப் போகலாம். 'ஸ்டேட்டஸ் ஆக்சஸ் வயலேஷன்' என்றால் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்த சிறு புரோகிராம்), டிரைவர், ரேம் மூன்றில் எதுவாகவும் இருக்கலாம்.

எல்லா டேப்பும் சேர்ந்து முழு பிரவுசரும் மறைந்தால் இரண்டாவது படி. பிரவுசர் மட்டுமல்லாமல் கம்ப்யூட்டரே உறைந்தால், நீலத்திரை வந்தால், தானாக அணைந்தால், பிரவுசர் மேல் தவறில்லை. ஃபேனில் அடைந்த தூசி, சூடு, டிஸ்க், ரேம் இவற்றைப் பார்க்க வேண்டும். ஏழாவது படிக்குத் தாண்டுங்கள்.

2. விண்டோஸ் எழுதி வைத்ததைப் படியுங்கள்

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். நாள்வாரியாக ஒரு வரைபடம் தெரியும். சிவப்பு வட்டத்தில் வெள்ளைப் பெருக்கல் குறி உள்ள நாளைத் தொட்டு, கீழே வரும் பிரவுசர் பெயரை இருமுறை கிளிக் செய்யுங்கள். அதில் நமக்குத் தேவை இரண்டு வரிகள்: 'ஃபால்ட் மாட்யூல் நேம்' (எந்த ஃபைலில் தவறு நடந்தது), 'எக்செப்ஷன் கோட்' (என்ன வகைத் தவறு).

எக்செப்ஷன் கோட் எட்டு எழுத்து நீளம். ஆங்கில 'இ', ஆறு சுழி, கடைசியில் 8 என்றால் குரோம் கேட்ட மெமரி கிடைக்காமல் தானே நின்றிருக்கிறது. ஆங்கில 'சி', ஆறு சுழி, கடைசியில் 5 என்றால் தனக்குச் சொந்தமில்லாத மெமரியைத் தொட்டதால் விண்டோஸ் நிறுத்தியிருக்கிறது. அதே கோட் 6-ல் முடிந்தால் உடனே உங்கள் ஃபைல்களை வேறு இடத்துக்கு காப்பி எடுங்கள். டிஸ்க்கிலிருந்து படிக்க முடியவில்லை என்று அதற்குப் பொருள்.

மாட்யூல் பெயரின் முதல் எழுத்துகளும் உதவும். 'ஐஜி' என்று தொடங்கினால் இன்டெல் கிராஃபிக்ஸ், 'என்வி' என்றால் என்விடியா, 'ஏடிஐ' என்றால் ஏஎம்டி. மூன்றுமே டிரைவர் பிரச்சினை, ஐந்தாவது படி. ஆன்டிவைரஸ் கம்பெனியின் பெயர் அதில் தெரிந்தால் பிரவுசருக்குள் அது நுழைந்து ஏதோ செய்கிறது. கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை இப்போதே நீக்கிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு மாட்யூல் வந்தால் ரேம் மேல் சந்தேகம் வர வேண்டும்.

பதிவே இல்லையா? குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் தங்கள் கிராஷை விண்டோஸுக்குத் தெரியாமல் தாங்களே பிடித்து வைத்துக்கொள்வது உண்டு. அதனால் இங்கே ஒன்றும் இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அடுத்தடுத்த படிகளை வரிசையாகச் செய்யுங்கள்.

3. மெமரி: ரேமை மட்டும் பார்த்தால் போதாது

பழைய கம்ப்யூட்டரில் பிரவுசர் நிற்பதற்கு முதல் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும். பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடமும் இதுவே.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபாமன்ஸ்' பகுதியில் 'மெமரி'யைத் தொடுங்கள். கீழே 'கமிட்டட்' என்ற இடத்தில் 4.9/5.2 ஜிபி என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண், எல்லா புரோகிராம்களும் சேர்ந்து விண்டோஸிடம் வாங்கியிருக்கும் மெமரி. இரண்டாவது, விண்டோஸ் கொடுக்கக்கூடிய உச்ச அளவு. அதாவது ரேமும், ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் பேஜ் ஃபைலும் சேர்ந்தது. முதல் எண் இரண்டாவதை நெருங்கிவிட்டால், ரேமில் 500 எம்பி காலியாக இருப்பதாகக் காட்டினாலும், அடுத்துக் கேட்கும் புரோகிராமுக்கு விண்டோஸ் இல்லை என்று சொல்லிவிடும். பெரும்பாலும் அதிகம் கேட்பது பிரவுசர்தான், அதனால் அது விழுகிறது. 'ரேம் காலியாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் கிராஷ் ஆகிறது' என்ற குழப்பத்துக்கு விடை இதுதான்.

பேஜ் ஃபைலை நிறுத்தினால் கம்ப்யூட்டர் வேகமாகும் என்று ஒரு அறிவுரை வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. 4 ஜிபி கம்ப்யூட்டரில் அதைச் செய்வது கிராஷை நாமே கூப்பிட்டு வைப்பதுதான். உங்களுடையதில் யாராவது அப்படிச் செய்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்க:

ஸ்டார்ட்டில் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடித் திறந்து, 'பெர்ஃபாமன்ஸ்' என்பதன் கீழ் உள்ள 'செட்டிங்ஸ்' பட்டனை அழுத்துங்கள். அதில் 'அட்வான்ஸ்டு' டேப், பிறகு 'வர்ச்சுவல் மெமரி'யில் 'சேஞ்ச்'. மேலே உள்ள 'ஆட்டோமேட்டிக்கலி மேனேஜ்' பெட்டியில் டிக் இருக்க வேண்டும். சி டிரைவில் குறைந்தது 10 ஜிபியாவது காலியாக வையுங்கள். டிஸ்க் நிறைந்திருந்தால் பேஜ் ஃபைல் வளர இடமிருக்காது.

டிக் இருந்தும், இடம் இருந்தும் விழுகிறதென்றால் ஹார்ட் டிஸ்க்கின் மந்தம் காரணமாக இருக்கலாம். பேஜ் ஃபைலை விண்டோஸ் பெரிதாக்க நேரம் பிடிக்கும். அதற்குள் பிரவுசர் கேட்டு, கிடைக்காமல் விழுந்துவிடுகிறது. அப்போது அந்த டிக்கை எடுத்துவிட்டு, 'கஸ்டம் சைஸ்' என்பதில் 'இனிஷியல்' 4096, 'மேக்சிமம்' 8192 என்று கொடுத்து, 'செட்' பட்டனை அழுத்தி, ஓகே கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். 'செட்' அழுத்த மறந்தால் போட்ட எண் பதிவாகாது. 2022-ல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 105 இதே சிக்கலுக்குத் தன் பக்கத்தில் ஒரு வழி செய்தது: மெமரி கிடைக்காவிட்டால் உடனே விழாமல், கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்கும். அதைவிடப் பழைய ஃபயர்ஃபாக்ஸ் இருந்தால் அப்டேட் செய்வதே பாதி மருந்து.

எந்த டேப் அதிகம் தின்கிறது என்று அறிய, குரோமுக்குள் ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்துங்கள். குரோமின் சொந்த டாஸ்க் மேனேஜர் வரும். 'மெமரி ஃபுட்பிரின்ட்' தலைப்பைக் கிளிக் செய்தால் பெரியது மேலே வரும். குரோம் செட்டிங்ஸில் 'பெர்ஃபாமன்ஸ்' பக்கத்தில் 'மெமரி சேவர்' இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் பார்க்காத டேப்களை அதுவே தூங்க வைக்கும்.

4. எக்ஸ்டென்ஷனா, ப்ரொஃபைலா?

குரோமில் மேலே வலப்பக்கம் உங்கள் படத்தைக் கிளிக் செய்து கெஸ்ட் ப்ரொஃபைலைத் திறங்கள். அங்கே எக்ஸ்டென்ஷனும் பழைய செட்டிங்ஸும் எதுவும் வராது. இன்காக்னிட்டோவைவிட இந்தச் சோதனை மேல், ஏனென்றால் இன்காக்னிட்டோ உங்கள் பழைய ப்ரொஃபைலின் மேல்தான் ஓடுகிறது. கெஸ்ட்டில் ஒரு மணி நேரம் வழக்கம்போல வேலை செய்து பாருங்கள். விழவில்லையென்றால் எல்லா எக்ஸ்டென்ஷனையும் நிறுத்தி, இரண்டிரண்டாக இயக்கி, எதில் மறுபடி தொடங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். எக்ஸ்டென்ஷன் எதுவுமில்லாமலும் உங்கள் ப்ரொஃபைலில் விழுந்தால் ப்ரொஃபைலே கெட்டிருக்கிறது. புக்மார்க்கை எக்ஸ்போர்ட் செய்துவிட்டுப் புது ப்ரொஃபைல் உருவாக்குங்கள்.

ஃபயர்ஃபாக்ஸில் ஷிஃப்டை அழுத்திப் பிடித்தபடி திறந்தால் 'ட்ரபிள்ஷூட் மோட்' கேட்கும். அது எக்ஸ்டென்ஷனோடு கிராஃபிக்ஸ் உதவியையும் சேர்த்து நிறுத்திவிடும். ஆகவே அதில் சரியாக ஓடினால் ஐந்தாவது படியையும் பார்த்த பிறகே எக்ஸ்டென்ஷன் மேல் பழி போடுங்கள்.

திறந்தவுடனே பழைய டேப்களை எல்லாம் ஏற்றி, உடனே விழுகிறதா? வைஃபையை அணைத்துவிட்டுத் திறங்கள். இணையம் இல்லாததால் பக்கங்கள் பெரும்பாலும் ஏறாது, டேப்களை நிதானமாக மூடிவிடலாம்.

5. கிராஃபிக்ஸ்

வீடியோ ஓடும்போதோ, மேப் பார்க்கும்போதோ, வேகமாக ஸ்க்ரோல் செய்யும்போதோ விழுந்தால் இதுதான். குரோமில் செட்டிங்ஸ், 'சிஸ்டம்' போய் 'யூஸ் கிராஃபிக்ஸ் அக்சிலரேஷன் வென் அவைலபிள்' என்பதை அணைத்து 'ரீலான்ச்' கொடுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் செட்டிங்ஸின் 'ஜெனரல்' பகுதியில் 'பெர்ஃபாமன்ஸ்' கீழே முதல் டிக்கை எடுத்தால் 'யூஸ் ஹார்டுவேர் அக்சிலரேஷன்' தெரியும், அதையும் எடுத்துவிடுங்கள்.

குரோம் திறக்கவே மறுத்தால், டெஸ்க்டாப்பில் உள்ள ஷார்ட்கட்டை ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்டீஸ்' திறங்கள். 'டார்கெட்' பெட்டியில் மேற்கோள் குறி முடிந்த பிறகு ஒரு இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடு, டிசேபிள், ஒரு சிறுகோடு, ஜிபியு என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில், நடுவில் இடைவெளி விடாமல் சேர்க்க வேண்டும். மேற்கோளுக்குள்ளே எழுதினால் ஷார்ட்கட்டே வேலை செய்யாது.

இதில் ஒரு நஷ்டம் உண்டு. வீடியோவின் முழுப் பாரமும் பிராசஸர் மேல் விழும். யூடியூபில் 1080 திக்கும், 480-ல் வையுங்கள்.

நிரந்தரத் தீர்வு சரியான டிரைவர். ஆனால் பழைய இன்டெல் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் எச்டி 2000, 3000 போன்ற கிராஃபிக்ஸுக்கு இன்டெல் விண்டோஸ் 10 டிரைவர் கொடுக்கவே இல்லை. விண்டோஸ் அப்டேட் தருவதோடு சமாளிக்க வேண்டியதுதான். டிரைவர் தருவதாக விளம்பரம் செய்யும் இலவச சாஃப்ட்வேர்கள் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

6. பழைய வெர்ஷன், 32-பிட்

விண்டோஸ் 7, 8, 8.1-க்கு வந்த கடைசிக் குரோம் 109. ஃபயர்ஃபாக்ஸில் 115 ஈஎஸ்ஆர் (நீண்ட காலம் ஆதரவு தரப்படும் வெர்ஷன்). எக்ஸ்பி, விஸ்டாவுக்குக் குரோம் 49-ஓடு முடிந்தது. இவற்றில் புதிய தளங்கள் பாதி வெள்ளையாக நின்றால் அது கிராஷ் அல்ல, அந்தத் தளம் கேட்கும் வசதி பிரவுசரில் இல்லை. எந்த செட்டிங்கும் அதைச் சரிசெய்யாது.

குரோமின் 'அபவுட்' பக்கத்தில் வெர்ஷன் எண்ணுக்குப் பக்கத்திலேயே 32-பிட், 64-பிட் என்று போட்டிருக்கும். விண்டோஸ் 64-பிட், குரோம் 32-பிட் என்று இருந்தால் நீக்கிவிட்டு 64-பிட் போடுங்கள். 32-பிட் புராசஸ் ஒன்றால் 4 ஜிபிக்கு மேல் கையாள முடியாது, கனமான பக்கத்தில் அதற்கு முன்பே விழும். விண்டோஸே 32-பிட் என்றால் 4 ஜிபி ரேம் போட்டும் சுமார் 3 ஜிபியே பயன்படும். 2 ஜிபி மட்டும் உள்ள கம்ப்யூட்டரில் 64-பிட்டுக்கு மாறுவதால் லாபமில்லை, அது இன்னும் கூடுதல் மெமரி கேட்கும்.

7. டிஸ்க், ரேம்

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள், டிஸ்க்கில் கெட்ட இடங்களை எண்ணுபவை இவை. கடைசிப் பத்தியில் சுழி தவிர வேறு எதுவும் இருந்தால் டிஸ்க் போகத் தொடங்கிவிட்டது. முதலில் காப்பி எடுங்கள், விண்டோஸின் டிஸ்க் சோதனையான செக் டிஸ்க் பிறகு. சாகும் டிஸ்க்கில் நீண்ட ஸ்கேன் ஓட்டினால் அதுவே கடைசி ஓட்டமாக ஆகிவிடலாம்.

ரேமுக்கு, ஸ்டார்ட்டில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' தேடி ரீஸ்டார்ட் கொடுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் வரும் நீல நிறச் சோதனைத் திரையில் எஃப்1 அழுத்தி 'எக்ஸ்டெண்டட்' தேர்ந்தெடுத்து, எஃப்10 அழுத்தி, இரவு முழுவதும் விடுங்கள். பிழை காட்டினால், அடாப்டரையும் பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திவிட்டு, ரேமை எடுத்துத் தங்க நிறக் கால்களைத் துடைத்து மறுபடி 'க்ளிக்' சத்தம் வரும்வரை பொருத்துங்கள். பென்சில் ரப்பர் பயன்படுத்தினால் துகள் ஸ்லாட்டுக்குள் விழாமல் பார்க்க வேண்டும். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள்.

புதிதாக ரேம் வாங்குவதானால் டாஸ்க் மேனேஜரின் 'ஸ்லாட்ஸ் யூஸ்ட்' வரியை முதலில் பாருங்கள். '1 ஆஃப் 2' என்றால் ஒரு இடம் காலி. ரேம் வகையையும் பாருங்கள்: டிடிஆர்3எல் 1.35 வோல்ட், டிடிஆர்3 1.5 வோல்ட். எல் உள்ளது பழைய போர்டுகளிலும் பொதுவாக ஓடும், எல் மட்டும் ஏற்கும் போர்டில் மற்றது ஓடாது.

இவ்வளவுக்குப் பிறகும் புரியவில்லையென்றால் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் மிண்ட் எக்ஸ்எஃப்சிஇ-யை ஒரு பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலே அதிலிருந்து பூட் செய்து, உள்ளே இருக்கும் ஃபயர்ஃபாக்ஸில் இரண்டு மூன்று டேப்களை மட்டும் வைத்து ஒரு மணி நேரம் வேலை செய்யுங்கள். அங்கேயும் விழுந்தால் முதல் சந்தேகம் ரேம், அடுத்தது சூடு. விழவில்லையென்றால் விண்டோஸ் பக்கம்தான் கோளாறு, அல்லது டிஸ்க். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால், அதைச் சுத்தமாக மறுபடி ஏற்றுவதா, அந்த பென் டிரைவில் இருப்பதையே ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி அதில் இன்ஸ்டால் செய்வதா என்பதை அப்போது யோசிக்கலாம்.